தரையில் நின்ற தூண்

தூண் தரையில் உறுதியாக நின்றது. தர்மன் மேஸ்திரிக்கு வந்த தொல்லையே அதுதான்.

வேறு எந்தக் கட்டடத்திலாவது ஒரு தூண் இப்படி நின்றிருந்தால் அவர் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்கள். பதினாறு வருடம் பெங்களூரில் அடுக்குமாடி வேலை பார்த்தவர். சுவரில் நூல் பிசகினால் அவருக்குச் சோறு இறங்காது. போன வருடம்தான் பாப்பிரெட்டிப்பட்டிக்குத் திரும்பியிருந்தார். பக்கத்து ஊரான நாகலேரியின் மல்லிகேசுவரர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கும்பாபிஷேகம். மண்டபத்துத் தரையைச் சீர்செய்யும் வேலை அவருக்கு வந்தது. அந்தக் கோயிலுக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமை தரையைக் கழுவிவிட்டுப் பார்த்தபோது, வடக்கு வரிசையில் ஒரு கல்தூண் தரையைத் தொடாமல் இரண்டு விரல் உயரத்தில் நிற்பதைக் கண்டார். இத்தனை சனம் வந்துபோகிற இடத்தில் இப்படி ஒரு ஓட்டையா? தப்பைக் கண்டால் முதலில் சரிசெய்துவிட்டு அப்புறம் சொல்வதுதான் அவர் வழக்கம். பெங்களூரில் பெரிய மெஷின்களுக்கு அடியில் ஊற்றுகிற சுருங்காத சிமெண்டு ஒரு மூட்டை கைவசம் இருந்தது. அதில் கல்தூள் கலந்து, தூணின் நிறத்துக்கே கொண்டுவந்து, இடைவெளி முழுக்க இறுக அடைத்தார். எங்கே கல் முடிகிறது, எங்கே சிமெண்டு தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை காலை தர்மகர்த்தா கிருஷ்ணப்பன் ஈரத்தலையோடு வந்தார். அந்தத் தூண் முன்னால் உட்கார்ந்து, கண்களை இறுக மூடிக்கொண்டு, தோளிலிருந்த துண்டை அதன் அடியில் நுழைக்கப் பார்த்தார். துண்டு நுழையவில்லை. மடித்துப் பார்த்தார். மறுபக்கம் போய் உட்கார்ந்து பார்த்தார். வேலையின் தரத்தைச் சோதிக்கிறார் என்று நினைத்த தர்மன் பெருமையோடு பக்கத்தில் வந்து நின்றார். கண்ணைத் திறந்த கிருஷ்ணப்பன் அவரைக் கண்டதும் அதே துண்டால் தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒரே தூசிங்க மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு, சாமியைக்கூடக் கும்பிடாமல் போய்விட்டார்.

தர்மனுக்கு என்னவோ போலிருந்தது. வாசலில் பூக்கட்டி விற்கும் ராமக்காளிடம் போய், அந்தத் தூணில் என்ன விசேஷம் என்று கேட்டார். ராமக்காள் பூத்தொடுக்கும் கையை நிறுத்தவில்லை.

"அதுதான் மேஸ்திரி அந்தரத்தூணு. அதைப் பாக்கத்தான சனம் சேலத்துல இருந்தெல்லாம் வருது. கண்ணை மூடிக்கிட்டு அடியில துணிய வுடணும். மனசுல கள்ளமில்லாதவங்களுக்கு வெண்ணெயில வுட்டாப்ல போவும். கள்ளம் இருந்தா மாட்டிக்கும்."

மெட்ராஸிலிருந்து இன்ஜினியர்கள் வந்து பார்த்துவிட்டு வாயடைத்துத் திரும்பியது, கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்த ஒரு வெள்ளைக்காரனுக்கு ஏழே நாளில் பார்வை போனது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். தர்மன் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். யாராவது அந்தத் தூணில் கைவைத்தால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார்.

"அவன் வம்சம் வெளங்காதும்பாங்க. அதை சாமி பாத்துக்கும். அதுக்கு முன்னால ஊரு பாத்துக்கும்" என்றாள் ராமக்காள்.

தர்மன் ஓடிப்போய் ஈரச்சாக்கு ஒன்றைத் தூணின் அடியில் சுற்றினார். 'வேலை நடக்கிறது, துணி விட வேண்டாம்' என்று அட்டையில் எழுதிச் சாய்த்து வைத்தார். அந்த அட்டை இல்லாமல் இருந்திருந்தால் நாலைந்து பேர்தான் வந்திருப்பார்கள். கும்பாபிஷேகத்துக்கு வரும் பெரிய மனிதர்களுக்காகத் தூணை மூடி வைத்திருக்கிறார்கள் என்று பத்து மணிக்குள் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. நமக்கில்லாத தூண் யாருக்கு என்று துண்டும் கையுமாக ஊரே கிளம்பி வந்தது. மத்தியானத்துக்குள் நாற்பது பேர் சாக்கை விலக்கி, கண்ணை மூடி, துணியை விட்டுப் பார்த்தார்கள். நாற்பது துணியும் மாட்டிக்கொண்டன. தன் கள்ளத்தைக் கண்டுதான் தூண் தரையில் இறங்கிவிட்டது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. உள்ளே வரும்போது சிரித்துக்கொண்டு வந்தவர்கள், போகும்போது எழவு வீட்டிலிருந்து போவதுபோல் போனார்கள். வெளியில் யாராவது கேட்டால், "போச்சு, நல்லாப் போச்சு" என்றார்கள்.

தருமபுரியிலிருந்து ஒரு ஜோடி வந்தது. யுவராணி நர்ஸ். சிவக்குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அடுத்த மாதம் கல்யாணம். சிவக்குமாரின் கைக்குட்டை மாட்டிக்கொண்டது. யுவராணி கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தாள். தர்மனுக்கு மனசு கேட்கவில்லை. தன்னால் ஒரு கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்று குறுக்கே புகுந்து, பருத்தித் துணி கல்லின் சொரசொரப்பில் மாட்டும், பட்டு என்றால் போய்விடும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தார். யுவராணி கட்டியிருந்தது பட்டுப்புடவை. கண்ணை மூடி முந்தானையை விட்டாள். அதுவும் மாட்டிக்கொண்டது.

இப்போது சிவக்குமார் கையைக் கட்டிக்கொண்டான்.

வேலை நிரந்தரம் என்று சொன்னது பொய், இன்னும் கான்ட்ராக்ட்தான் என்று அவன் முதலில் ஒப்புக்கொண்டான். மாமியாரோடு இருக்கச் சம்மதம் என்று சொல்லிவிட்டு, சென்னைக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டிருப்பதை அவள் சொன்னாள். அதற்கப்புறம் மண்டபத்தின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பும்போது வேறு வேறு பஸ்ஸில் போனார்கள்.

சாயங்காலம் அதைவிடப் பெரிய சேதி வந்தது. கிருஷ்ணப்பன் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தன் தம்பியைக் கூப்பிட்டு, ஊர்க்காரர்கள் முன்னால், வரப்பை நாலடி தள்ளிப் போட்டது தான்தான் என்று ஒப்புக்கொண்டு, நின்ற நிலையில் எல்லைக்கல்லைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டாராம். யார் வீட்டிலோ தொலைந்த பித்தளைக் குடம் தானாக வாசலில் வந்து உட்கார்ந்திருந்தது. அன்று சாயங்காலம் நாகலேரியில் பால் கெட்டியாக இருந்தது.

ஊர் இப்படித் திருந்துவதைப் பார்க்கப் பார்க்கத் தர்மனுக்குப் பயம் அதிகமானது. உண்மை தெரிந்தால் இத்தனை பேரின் கோபமும் தன் ஒருவன் தலையில் அல்லவா விடியும்?

சனிக்கிழமை உச்சிகால பூஜை முடிந்து நடை சாத்தியதும், உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தார். அவர் போட்ட சிமெண்டு அவரைப் போலவே நாணயமானது, இம்மியும் அசையவில்லை. உளியின் முனைதான் மழுங்கியது. வேறு வழியில்லாமல் டிரில் மெஷினை எடுத்து வந்து வைத்தார். கல்மண்டபத்துக்குள் அது போட்ட கூச்சல் ஏரிக்கரை வரைக்கும் கேட்டது. மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால், சுற்றிலும் ஊர் நின்றிருந்தது.

தர்மன் எழுந்து கையைக் கூப்பினார். "நான்தாங்க அடைச்சேன். ஓட்டைன்னு நெனச்சுட்டேன்."

கிருஷ்ணப்பன் மெதுவாகக் கேட்டார். "அப்ப உள்ள இருக்கறது சிமெண்டா?"

"ஆமாங்க."

"எப்ப அடைச்சீங்க?"

"புதன்கெழமையேங்க."

கிருஷ்ணப்பன் திரும்பித் தம்பியைப் பார்த்தார். தம்பி வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கல்லு நட்டாச்சுண்ணா" என்று சொல்லிவிட்டு வயல் பக்கமாக வேகமாக நடந்தார்.

தர்மனை அடிக்கப் பலருக்கும் கை துடித்தது. ஆனால் ஓங்கிய கைகள் ஓங்கிய வேகத்திலேயே இறங்கின. உனக்கு எதற்கு இவ்வளவு கோபம், உன் துணிதான் நல்லாப் போச்சே என்று பக்கத்தில் நிற்பவன் கேட்டுவிட்டால்? யுவராணிக்கு யாரோ போன் போட்டுச் சொன்னார்கள். உள்ளே இருப்பது சிமெண்டானாலும் சிவக்குமார் வாயால் சொன்னது நிஜம்தானே என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

விடிந்தால் கும்பாபிஷேகம். அதியமான்கோட்டையில் இருக்கும் சின்னராஜைக் கூட்டிவரச் சொல்லி ராமக்காள்தான் யோசனை சொன்னாள். முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்த கும்பாபிஷேகத்துக்குக் கல்வேலை முழுக்கச் செய்தவர் அவர். கார் அனுப்பினார்கள்.

எழுபத்தைந்து வயது சின்னராஜ் ஒரு சாக்குப்பையோடு இறங்கினார். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூணின் அடியை விரலால் தட்டிப் பார்த்தார். தர்மனை மட்டும் இருக்கச் சொல்லிவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்பினார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள், பல்லில் சிக்கியதை எடுப்பதுபோல, சிமெண்டைத் துணுக்குத் துணுக்காக எடுத்து முடித்துவிட்டார். தூணில் ஒரு கீறல் இல்லை.

கதவைத் திறந்ததும் கிருஷ்ணப்பன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார். துண்டு ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். அவருக்குப் பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். நேற்றே நன்றாகப் போனவர்கள் இன்று எதற்கு நிற்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

கோயிலுக்குப் பின்னால் இருந்த குழாயில் சின்னராஜ் உளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். தர்மன் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். வம்சம் விளங்காது என்றது இன்னும் மனதைக் குடைந்துகொண்டிருந்தது. தூணில் கைவைத்த பாவம் தன்னை விடுமா என்று கேட்டார்.

"எனக்கு ஏழு பேரப்புள்ளைங்க தம்பி. எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார் சின்னராஜ்.

தர்மனுக்குப் புரியவில்லை. கிழவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். போன கும்பாபிஷேகத்தின்போது தானும் விஷயம் தெரியாமல் இதே போல அடைத்துவிட்டதாகவும், ஊருக்குத் தெரிவதற்குள் அவசர அவசரமாகக் குடைந்து எடுத்துவிட்டதாகவும் சொன்னார். தர்மனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் ஒன்றும் பயமில்லையே என்றார்.

"பயம் இல்லாம என்ன. நான் அடைச்சது இதுக்கு அடுத்த தூண, அவசரத்துல மாத்திக் குடைஞ்சது இத. ஒழுங்கா தரையில நின்னுக்கிட்டிருந்த தூணு, இத்தன வருசமா எப்படி வுழாம நிக்குதுன்னுதான் தம்பி எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."