ஒன்பதாவது ரொட்டி

இனி என் ஆயுள் உள்ளவரை இட்லியைத் தொடமாட்டேன் என்று போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்குச் சபதம் செய்தேன். மனதுக்குள்தான் செய்தேன் என்று நினைத்தேன். என் மனைவி அருக்காணிக்குக் கேட்டுவிட்டது.

வயிற்றுக் கோளாறுக்காகச் சேலத்து டாக்டர் எனக்குக் கோதுமை, மைதா, பால் மூன்றையும் நிறுத்திவிட்டார். எங்கள் மலையூரான நாகலூரில் ஜாபர் அலி பாய் டீக்கடையில் முப்பத்தோரு வருடமாகத் தின்ற ரொட்டி அத்தோடு போயிற்று. அன்றிலிருந்து காலையில் இட்லி. எண்ணிப் பார்த்தேன். தொடர்ந்து எண்பத்து நான்கு நாள்.

"ஏனுங்க, இட்லி வேண்டாம்னா வேற என்னத்தைத் திம்பீங்க?"

"ரொட்டி. மைதா இல்லாம, பால் இல்லாம, நானே சுடுவேன்."

"அடுப்பு எந்தப் பக்கம் பத்தும்னு தெரியுங்களா?"

"எஸ்டேட்டுல காப்பிப் பழம் எடை போட்டவன் நான். அளவு தெரிஞ்சாப் போதும்."

"சரி, டப்பாவுக்கு மேல ரெண்டு விரக்கடை உப்பி வந்துச்சுன்னா?"

"அன்னையிலிருந்து காலைப் பலகாரம் பூராவும் என் பொறுப்பு."

"உப்பலைன்னா?"

"வாயைத் தொறக்காம இட்லி திங்கறேன்."

"வாயைத் தொறக்காம எப்படிங்க திம்பீங்க?"

அரிசி மாவு, சாமை மாவு, தேங்காய்ப் பால், ஈஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்து எடுத்தேன். பழைய குக்கரில் மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதற்குள் டப்பாவை வைத்துச் சுட்டேன். முதல் ரொட்டியைக் கத்தி வெட்டவில்லை. இரண்டாவது கத்தியையே வளைத்தது. மூன்றாவது வாசல் கதவுக்கு முட்டுக்கல். இன்றும் அங்கேதான் உழைக்கிறது. நான்காவதைக் குரங்கு தூக்கிப்போய், திருப்பிக் கொண்டுவந்து போட்டது. எட்டாவதுவரை எதுவும் அரை விரற்கடைகூட எழவில்லை.

"மலைக் குளிருங்க. மாவு நடுங்குதாட்ட இருக்குது," என்றாள் அருக்காணி. "என் இட்லி மாவுக் குண்டானைக் கம்பளி சுத்தி அடுப்போரம் வைக்கறனல்ல? உங்க டப்பாவையும் பக்கத்துல வையுங்க."

நாற்பத்து மூன்று வருடத்தில் அவள் எனக்குக் காட்டிய இரண்டாவது கருணை. வைத்தேன். மறுநாள் காலை கம்பளியை விலக்கினால் மாவு விளிம்பை முட்டி நின்றது! சுட்டு, விரல் வைத்து அளந்தேன். இரண்டேகால் விரற்கடை.

நான் கூச்சக்காரன். தெருவில் யாரோடும் அதிகம் பேசமாட்டேன். அன்று ஜாபர் பாயை நானே கையைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"அண்ணே, பஞ்சாட்ட இருக்குதே!" பாய் மூன்று துண்டு தின்றார். "மைதா ஆகாதவங்க என் கடைக்கே நாலு பேரு வராங்க. நாளையிலிருந்து தினமும் ஒரு டப்பா குடுங்க."

"குடுப்பாருங்க பாய்," என்றாள் அருக்காணி. "காலைப் பலகாரம் பூராவும் இனி அவரு பொறுப்பு. பந்தயத்துல நான் நொம்ப மோசமாத் தோத்துப்போட்டனுங்க."

தோற்றவர்கள் யாரும் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பாய் போனதும் நான்காவது துண்டை எடுத்தேன். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. கண்ணாடியைப் போட்டு, ஊசியால் குத்தி எடுத்தேன். உளுந்துத் தோல்.

"அருக்காணி, இது என் மாவு இல்லையே?"

"உங்க மாவை மாட்டுக்கு வெச்சனுங்க. மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு."

"அப்ப டப்பாவுல இருந்தது?"

"இட்லி மாவுங்க. மைதா இல்லை, பால் இல்லை. டாக்டர் சொன்னபடிதானுங்களே?"

"அப்ப பந்தயத்துல தோத்தது நானு!"

"பாய்கிட்டப் போயி அதைச் சொல்லிப்போட்டு வாங்க," என்று காலை நீட்டி உட்கார்ந்தாள்.

வாசல்வரை மூன்று முறை போய்த் திரும்பினேன். கதவோரம் மூன்றாவது ரொட்டி என்னையே பார்த்தது.

இன்றோடு அறுபத்திரண்டு நாளாக எங்கள் வீட்டில் மாவாட்டுவது நான்தான். பாய் கண்ணில் ஒரு தோல் பட்டுவிடக்கூடாதே என்று உளுந்தை ஏழு தண்ணீரில் கழுவுகிறேன்.