காயில் எரிந்தால்தான் கடவுள் பேச்சு

காரைக்கால் மாவட்டத்தில் கடவுளுக்கே ஜாமீன் கிடைக்காத இடம் ஒன்று உண்டென்றால், அது பூவத்தில் இருக்கும் வைண்டிங்காரர் கடைதான். எரிந்துபோன மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுற்றிப் புதுக் காயில் கட்டுகிற மனுஷன். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கேட்கிற அளவுக்கு அவர் நம்மைப் பேசவிட்டால்தானே!

மோட்டாரை இறக்கி வைத்ததும் மற்ற மெக்கானிக்குகள் "என்ன கம்ப்ளெயின்ட்?" என்பார்கள். இவர், "இந்தப் பிரபஞ்சத்தை ஒருத்தன் செஞ்சிருக்கணுமா, இல்லை அது பாட்டுக்கு இருக்கா?" என்பார். வாதம் முடியாமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். அதே சமயம், சும்மா பேச வருகிறவர்களை விரட்டிவிடுவார். "காயில் எரியாதவன் பேசினா அது அரட்டைங்க. அவசரத்துல இருக்கிறவன்தான் உண்மையைப் பேசுவான்." என்ன அக்கிரமம் பாருங்கள்! வேறு கடைக்குப் போகலாமே என்பீர்கள். மற்றவர்கள் கட்டுகிற காயில் ஆறு மாசம் தாங்காது. அந்தத் திமிர்தான் இவருக்கு.

நான் மாட்டிக்கொண்டது நான்கு வருஷத்துக்கு முன்னால். ஆபீஸ் வேலையோடு திருநள்ளாறு பக்கம் கொஞ்சம் நெல்லும் போடுகிறவன். நாங்கள் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் ஊரையெல்லாம் நலம் விசாரித்துவிட்டுத்தான் எங்களிடம் வரும். நாற்று விட்ட பத்தாம் நாள், லோ வோல்டேஜில் மோட்டார் புகைந்தது.

"கடவுள்தான் செஞ்சாருங்க," என்றேன் அவசரமாக.

"அப்ப அவரைச் செஞ்சது யாரு?"

எனக்கு முன்பே வந்து காத்திருந்தார் திருவேட்டக்குடி நானா ஒருவர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். துபாயிலிருந்து லீவில் வந்தவர், வீட்டில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை. அவர் குறுக்கே புகுந்தார்: "அல்லாஹ்வை யாரும் படைக்கலை அண்ணே. அவன் எப்பவும் இருக்கான்."

"ஆக, யாரும் செய்யாமலே ஒண்ணு எப்பவும் இருக்கலாம்னு ஒத்துக்கிறீங்க. அது பிரபஞ்சமாவே இருந்துட்டுப் போகட்டுமே!"

"பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டு அண்ணே. தொடங்குனா, தொடங்கி வச்சவன் வேணும்ல?"

"தொடங்கும்போது நீங்க பக்கத்துல நின்னீங்களா?"

"நான் குளிக்கத் தண்ணி கேட்டு வந்தவன் அண்ணே," என்று நானா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் தந்திரமாகப் போனேன். "யோசிச்சுப் பாத்தேங்க. நீங்க சொல்றதுதான் சரி. யாரும் செய்யலை."

மனுஷருக்கு வந்ததே கோபம்! "மோட்டாருக்காகச் சாமியை விக்கிறீங்களா? நாளைக்கு வேற ஒண்ணு வேணும்னா என்னையும் வித்துருவீங்க!" என் மோட்டாரைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்தார். நாத்திகரிடமே நாத்திகம் பேசித் தண்டனை வாங்கியவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

மூன்றாம் நாள் நாற்றின் நுனியெல்லாம் மஞ்சள். கடைக்குள் நுழைந்ததும் கத்தினேன். "செஞ்சவன் இருக்கானா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க! என் நாத்து காயுது, அது தெரியும்! அது போனா இந்த வருஷம் நடவே கிடையாது, போதுமா?"

வைண்டிங்காரர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். "தெரியாதுன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதாங்க," என்று எழுந்தார். சாப்பிடக்கூடப் போகாமல் காயில் சுற்றினார். மறுநாள் காலை மொபெட்டில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வயலுக்கே வந்து, தானே பூட்டி, நாற்றங்கால் நனைகிற வரை வரப்பில் நின்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"இது நல்லா இருக்கே! முதுகு ஒடியச் சுத்துனது நானு, கும்புடு அங்க போகுதா?" என்று மொபெட்டை உதைத்துக்கொண்டு போயேவிட்டார்.

அன்றைக்குப் பதில் தோன்றவில்லை. இப்போது நறுக்கென்று ஒன்று தோன்றியிருக்கிறது. போய்ச் சொல்லலாமென்றால், சும்மா வந்தவனை விரட்டுவாரே! எத்தனை தடவை கரண்ட் கூடிக் குறைந்தும், அவர் கட்டிய காயில் எரிந்து தொலையமாட்டேன் என்கிறது. தினமும் சுவிட்சைப் போட்டுவிட்டு, கருகல் வாசனை வருகிறதா என்று மோந்து பார்க்கிறேன். அவரிடம் திட்டு வாங்கி நாலு வருஷமாச்சு. இந்தப் பாழாய்ப்போன மோட்டார் ஒரே ஒரு தடவை எரியக்கூடாதா?