வெட்டாத கேசட்

கேசட்டில் தன் குரலைக் கேட்டால் யாருக்கும் பிடிக்காது. 'ஐயே, நானா இப்படிப் பேசுறேன்?' என்று கூசிவிட்டு அடுத்த நிமிடம் மறந்துவிடுவார்கள். எனக்கு மறக்க வழியில்லை. என் குரல் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பல ஊர் அலமாரிகளில் இருக்கிறது. நானே நகல் எடுத்து, நானே தபால்தலை ஒட்டி அனுப்பி வைத்தது.

எண்பதுகளில் நடந்த கதை. பினாங்கில், ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மீதி நேரமெல்லாம் கச்சேரிக் கேசட். கடையில் விற்கிற கேசட் அல்ல (அதையெல்லாம் மனிதர்கள் கேட்பார்கள் என்றே நாங்கள் நினைக்கவில்லை). தமிழ்நாட்டிலிருந்து வரும் வித்வான்கள் இங்கே மேடையில் பாடும்போது எங்களைப் போன்ற பைத்தியங்கள் நேராகப் பதிவு செய்தது. பினாங்கில் நான் பிடித்ததை ஈப்போவுக்கு அனுப்பினால், ஈப்போவில் பிடித்தது எனக்கு வரும். காசு பேச்சே கிடையாது.

இதிலும் ஒரு சாதி வித்தியாசம் இருந்தது. மேடையில் பதிவானது மூலக் கேசட். அதிலிருந்து எடுத்த நகல் முதல் தலைமுறை, நகலின் நகல் இரண்டாம் தலைமுறை. ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் பாட்டு கொஞ்சம் மங்கும், இரைச்சல் கொஞ்சம் ஏறும். அதனால் யாராவது கேசட் தருகிறேன் என்றால், சம்பந்தம் பேச வந்தவன் மாதிரி எத்தனையாவது தலைமுறை என்று விசாரிப்பேன். மூன்றாவது என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். எதையும் வெட்டக் கூடாது. சுருதி சேர்ப்பது, இருமல், கைதட்டல், செயலாளர் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வது, எல்லாம் இருக்க வேண்டும். ஈப்போவில் ஓர் அண்ணன், என்னைவிட வயதில் ரொம்பவே மூத்தவர், பாவம், நல்ல எண்ணத்தில் நன்றியுரையை வெட்டிவிட்டு அனுப்பினார். கேசட்டைத் திருப்பி அனுப்பினேன். அதோடு விடாமல் போன் போட்டு, 'வெட்டின கேசட் செத்த கேசட்ணே' என்று பாடம் வேறு எடுத்தேன். அவ்வளவு கொழுப்பு.

இனி புவனா அக்கா. என்னைவிட மூத்தவள், சின்ன வயதிலிருந்து பாட்டு. வானொலியில் பாட வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. பாடிய கேசட் ஒன்றை அனுப்பினால், பிடித்திருந்தால் கோலாலம்பூருக்குக் கூப்பிட்டுப் பாடச் சொல்லிக் கேட்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு அரை மனசு. அவருக்குப் பாட்டு தெரியாது. தேசிய கீதத்துக்கும் தாலாட்டுக்கும் அவர் அறிந்த வித்தியாசம், ஒன்றுக்கு நிற்க வேண்டும், இன்னொன்றுக்குப் படுக்க வேண்டும். 'தம்பிக்குத்தான் சங்கீதம் தெரியும், அவன் நல்லாருக்குன்னு சொன்னா போகட்டும்' என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த வருஷம் பெரிய பாடகர் ஒருவர் வந்தார். அவர் மேடையேறுவதற்கு முன் உள்ளூர் ஆள் ஒருவர் கொஞ்ச நேரம் பாடலாம் என்று அக்காவுக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். வயலின், மிருதங்கத்தோடு அவள் பாடுவது அதுதான் முதல் தடவை. அந்தக் கேசட்டைத்தான் வானொலிக்கு அனுப்புவதாகத் திட்டம். பதிவு செய்யும் பொறுப்பு, வேறு யார், மகாவித்வானான நான்தான்.

மைக்கை முன்நாற்காலியின் முதுகில் கட்டினேன். அது என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது என்பதை எந்த முட்டாளும் கவனித்திருப்பான். பக்கத்தில் என் நண்பன் சேகர், அக்கரையில் செபராங் ஜெயாவிலிருந்து பெரிப் படகு ஏறி வந்திருந்தான். இந்தக் கேசட் உலகத்துக்குப் புதுசு, என்னை ஏதோ குரு மாதிரி பார்ப்பான். இருவர் கையிலும் காகிதக் கூம்பில் காச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை. அக்கா பாட ஆரம்பித்தாள். நன்றாகவே பாடினாள். ஆனால் சேகர் பக்கத்தில் இருக்கிறானே, நான் சும்மா இருக்க முடியுமா?

மறு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூடத்தில் கேசட்டைப் போட்டேன். அதற்குள் நகல்களெல்லாம் தபாலில் போய்விட்டன. பெரிய பாடகர் பாடிய பகுதியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தேன். அக்கா பாடியதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் நாக்கூசுகிறது.

அப்பா சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா தரையில், ரெக்கார்டருக்குப் பக்கத்தில். பாட்டு ஆரம்பித்தது. கூடவே மாடு அசை போடுகிற மாதிரி ஒரு சத்தம். அது என் வாய். பிறகு, பாட்டைவிடப் பெரிதாக, கூடத்தில் நின்று பேசுகிற மாதிரி, என் குரல் வந்தது:

"இது எங்க அக்காதான்டா. கொஞ்ச நேரம் பொறுத்துக்க. அப்புறம்தான் நெஜக் கச்சேரி."

"நல்லாத்தானே பாடுறாங்க?" இது சேகர்.

"உனக்குத் தெரியாது லா. சுருதியே நிக்கல. இத வச்சுக்கிட்டு ரேடியோவாம்."

நான் அணைக்கப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள். கடைசிக் கைதட்டல் வரை உட்கார்ந்து கேட்டாள். அதற்குள் நான் மெல்லும் சத்தம் இரண்டு தடவை நின்று மறுபடி ஆரம்பித்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்கள். நாங்கள் இருந்தது ஏழாவது மாடி, அந்த வசதியும் இல்லை.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ரொம்ப மெதுவாக, "உனக்கே அப்படித் தோணுதுன்னா எதுக்குப்பா அவள அவ்வளவு தூரம் அனுப்பணும்?" என்றார்.

நான் ஏதோ இருட்டில் உளறியது அப்பாவுக்குத் தீர்ப்பாகப் போய்விட்டது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுற்றி முடிந்த கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் சங்கீதம் தெரிந்தவன் என்று எனக்கிருந்த ஒரே பட்டத்தை நானே கழற்றி வைத்தால்தான் அவளுக்கு வழி பிறக்கும் என்று புரிந்தது. அப்பாவிடம் சொன்னேன்.

"சுருதி நின்னுச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாதுப்பா. சேகர் முன்னால பெரிய ஆளுன்னு காட்டிக்கச் சொன்னேன். அக்கா நல்லாத்தான் பாடுது."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷம் வீட்டில் கேசட் வாங்கிக் குவித்தவனுக்குச் சுருதியே தெரியாதா என்று நினைத்திருப்பார். உண்மையில் தெரியாது.

அன்றைக்கே ஈப்போ அண்ணனுக்குப் போன் போட்டேன். முதல் பாட்டை மட்டும் அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் அவசரப்படாமல் இருமிவிட்டு, "வெட்டின கேசட் செத்த கேசட், தம்பி" என்றார். மற்றவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். எல்லாருக்கும் நான் கற்றுக்கொடுத்த பாடம்.

என் குரலை மட்டும் எடுக்கவும் வழியில்லை, பாட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அக்கா, இருப்பதை அப்படியே அனுப்பு என்று சொல்லிவிட்டாள். கடலை, சேகர், சுருதி எல்லாவற்றோடும் கேசட் போனது. கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டார்கள். அப்பாவே கூடப் போனார். அங்கிருந்த அதிகாரி அக்காவைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, அந்தக் கடலை சாப்பிட்டவர் யாரம்மா என்பதுதானாம். அதன் பிறகு பாடச் சொன்னார். தேர்வாகிவிட்டாள்.

நான் சந்தோஷமாக ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவளுடைய அடுத்த கச்சேரிக்குப் போனேன். மேடைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டாள். "நீ உள்ள இருந்தா எனக்குப் பாட்டு வராது தம்பி. காது உன் வாய் மேலயே இருக்கும்," என்றாள். சண்டைக் குரல் இல்லை. அழுகிற மாதிரிதான் இருந்தது. வெளியே செருப்புகளோடு நின்றேன். அடுத்த கச்சேரியிலும் நின்றேன். வருஷங்கள் போகப் போக அழுகை போய்க் கிண்டல் வந்தது. மைக்கிலேயே கேட்பாள், "தம்பி வெளிய போயாச்சா?" என்று. சபை சிரிக்கும். அவளுக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு, சாமி அறையில் அவள் வாயைத் திறந்தாலே, 'மாமா, நீங்க வெளிய' என்று என்னைத் தள்ளிக்கொண்டு போவார்கள். என் அக்காவின் கச்சேரிக் கேசட்டுகள் எனக்கு ஈப்போ அண்ணனிடமிருந்துதான் வந்தன. எல்லாம் மூன்றாம் தலைமுறை.

அந்த அண்ணன் இப்போது இல்லை. அவர் மகன் மூலக் கேசட், நகல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் கோப்புகளாக மாற்றி எனக்கும் அனுப்பினார். இனி எத்தனை நகல் எடுத்தாலும் ஒரு துளி குறையாதாம் அங்கிள் என்றார். நகல் எடுக்க எடுக்க நான் மங்கிவிடுவேன் என்பதுதான் எனக்கு இத்தனை நாள் இருந்த ஒரே ஆறுதல். அதுவும் போயிற்று.

அந்தக் கோப்புகளில் அக்காவின் கச்சேரி ஒன்றைக் கேட்டேன். நான் காய்ச்சலில் படுத்து, போக முடியாமல் போன கச்சேரி. வழக்கம்போல, "தம்பி வெளிய போயாச்சா?" என்கிறாள். சபை சிரிக்கிறது. யாரோ, "அவரு இன்னிக்கு வரலக்கா," என்கிறார்கள். சிரிப்பு அடங்குகிறது. "வரலையா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்கிறாள். சுருதிப்பெட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகுதான் பாட ஆரம்பிக்கிறாள்.

அதைக் கேட்டதிலிருந்து நான் ஒரு கச்சேரியையும் விடுவதில்லை. சீக்கிரமே போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் கேட்டதும் எல்லாரும் பார்க்க எழுந்து வெளியே போகிறேன்.