வக்கீல் ஆதிநாராயணனும் என் கடைசிக் கேள்வியும்

எனக்குச் சட்டம் தெரியும் என்று நான் முழுமனதாக நம்பிய காலம் ஒன்று உண்டு. சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவனில்லை, நான் ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஆனால் வாரத்தில் ஐந்து நாள், மாலை ஏழரை மணிக்கு, இருங்காட்டுக்கோட்டையில் ஹவுஸ் ஓனர் வீட்டு ஹாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கோர்ட் சீரியல் பார்த்தவன். ஒரு மனிதனுக்கு அது போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

செல்போன் சிலர் கைக்கு மட்டும் வந்திருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் அது. கார் சீட்டுக்கு இரும்பு ஃபிரேம் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. எனக்கு ஊர் சாத்தான்குளம் பக்கம். என் அறையில் இருந்த சுடலைமுத்துவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம், அதே கம்பெனி, வேறு லைன். எங்கள் அறையில் ஒரு ஃபேன், இரண்டு பாய், மூன்று பல்லி இருந்தன. டிவி இல்லை. டிவி ஹவுஸ் ஓனர் ரோசி அக்கா வீட்டில் இருந்தது. அங்கே அக்காவின் தங்கை ஸ்டெல்லாவும் இருந்தாள். (டிவிக்காகத்தான் போனேன். நம்புகிறவர்கள் நம்பலாம்.)

அந்தத் தொடரின் நாயகன் வக்கீல் ஆதிநாராயணன். அவருக்கு நான் அடிமை. கருப்புக் கோட்டு, கம்பீரக் குரல், மூக்குக்கண்ணாடி. சாட்சியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டுப் பிடிப்பார். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி, "ஒரே ஒரு கடைசிக் கேள்வி, யுவர் ஆனர்" என்பார். அவ்வளவுதான், சாட்சிக்கு வியர்க்கும், கூண்டைப் பிடித்துக்கொண்டு உண்மையைக் கக்கிவிடுவான். இது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நடக்கும். சாட்சிகளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வியாழக்கிழமையே அவர்கள் முகம் வாடியிருக்கும்.

மற்ற நடிகர்கள்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. நீதிபதியாக வருபவர் இன்னொரு சேனலில் பூசாரியாக வந்துகொண்டிருந்தார், இரண்டிலும் ஒரே முகபாவம். குற்றம் சாட்டப்பட்ட பெண் அழுதால் மூக்குகூடச் சிவக்காது. எல்லாரையும்விட எனக்கு ஆகாதவர் எதிர்த்தரப்பு வக்கீல் சாரதா. பருத்திப் புடவையைக் கட்டிக்கொண்டு, காகிதக் கட்டைப் புரட்டிக்கொண்டே இருப்பார். சாட்சி ஏறி நின்றால், பத்தில் எட்டு தடவை எழுந்து, "எனக்குக் கேள்வி இல்லை, யுவர் ஆனர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"இந்த அம்மாவுக்கு வசனம் மனப்பாடம் ஆகலை. அதான் டைரக்டர் 'கேள்வி இல்லை'ன்னு எழுதிக் குடுத்துட்டார்" என்று ஒருநாள் தீர்ப்புச் சொன்னேன்.

ஸ்டெல்லா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கேக்க வேணாம்னு தெரிஞ்சிதான் கேக்கல. அவங்க பேப்பர்ல எல்லாம் கீது" என்றாள்.

அவள் பென்னலூரில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். காலை எட்டு மணியிலிருந்து ஒவ்வொரு பீஸாக எடுத்து, தாளில் உள்ள அளவோடு ஒத்துப் பார்க்கிற வேலை. அதே கண்ணோடுதான் சீரியலும் பார்ப்பாள். நான் செகண்ட் ஷிப்ட் போகிற வாரங்களில், மறுநாள் காலையில் குழாயடியில் அவள்தான் எனக்குக் கதை சொல்வாள். அவள் சொல்லும் கதையில் சாரதா மட்டும்தான் இருப்பார். ஆதிநாராயணன் என்ன ஆனார் என்று கேட்டால், "அவரு வழக்கம்போல கண்ணாடி கழட்டினாரு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நிலையில்தான் சுடலைமுத்து மாட்டினான். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் வேலை நேரத்தில் தூங்கினான் என்று செக்யூரிட்டி வேலாயுதம் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். கம்பெனியிலிருந்து குற்றப்பத்திரிகை வந்தது. உள்விசாரணை என்று போட்டிருந்தது. நிரூபணமானால் வேலை போகும்.

வேலை போனால் அதோடு முடியாது. சுடலைமுத்துவுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை கம்பெனியில் பெர்மனென்ட் ஆகிவிட்டான் என்ற ஒரே காரணத்துக்காகச் சம்மதித்தவர். பெர்மனென்ட் ஆகி ஆறே மாதம். வேலை இல்லை என்றால் பெண்ணும் இல்லை. சுடலைமுத்து இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவன் சாப்பிடாத சோற்றையும் சேர்த்து நான்தான் சாப்பிட்டேன். (கவலையில் எனக்குப் பசிக்கும்.)

உள்விசாரணை என்றால் கம்பெனிக்குள்ளேயே நடக்கிற கோர்ட் மாதிரி. வெளியிலிருந்து ஒரு வக்கீல் வந்து விசாரணை அதிகாரியாக உட்காருவார். குற்றம் சாட்டப்பட்டவர் தனக்காகப் பேச உடன் வேலை பார்ப்பவர் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். இந்த விதியைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆண்டவர் எனக்காகவே எழுதி வைத்த விதி என்று பட்டது.

"ஏல, நீ ஒரு வார்த்தை பேசாத. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"இல்லலே, நான் ஏன் தூங்குனேன்னு ஒரு பேச்சு சொல்லிட்டா..."

"அதான் வேண்டாங்கேன். தூங்குனதயே ஒத்துக்கப்பிடாது. நீதான் தூங்குனேன்னு அவங்க நிரூபிக்கட்டும்."

சுடலைமுத்து என்னை நம்பினான். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

விசாரணைக்கு முந்தின நாள் குழாயடியில் ஸ்டெல்லா கேட்டாள், "அந்த அண்ணன் அன்னிக்கி எப்ப உள்ள போனாரு? கேட்ல புக்கு கீதுல்ல, அத எடுக்கச் சொல்லுங்க."

"ஆதிநாராயணன் புக்கெல்லாம் கேக்க மாட்டார்" என்றேன்.

"அதனாலதான் சொல்றேன்" என்று குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. எனக்குக் கண் நன்றாகத் தெரியும், கண்ணாடி கிடையாது. கண்ணாடி இல்லாமல் எதைக் கழற்றுவது? ரோசி அக்காவின் வீட்டுக்காரர் பேப்பர் படிக்கிற கண்ணாடியைக் கடன் வாங்கினேன். "இன்னாத்துக்கு தம்பி?" என்று அக்கா கேட்டார். "கேஸுக்கு" என்றேன். அக்கா ஜெபம் செய்துகொள்வதாகச் சொன்னார்.

கேன்டீனுக்குப் பக்கத்திலிருந்த டிரெயினிங் ரூமில் காலை பத்து மணிக்கு விசாரணை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்ததும் உலகம் கலங்கலாகிவிட்டது. ஒரு நாற்காலியில் இடித்து, இன்னொரு நாற்காலிக்கு வணக்கம் சொன்னேன். விசாரணை அதிகாரி காஞ்சிபுரத்திலிருந்து வந்த நிஜ வக்கீல். பார்த்ததும் எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. கோட்டு இல்லை, குரல் இல்லை. அரைக்கைச் சட்டையோடு, டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கையாலேயே எழுதினார்.

"யுவர் ஆனர்" என்று ஆரம்பித்தேன்.

"சார்னு சொன்னா போதும் தம்பி. மெதுவா சொல்லுங்க, எழுதணும்."

நிர்வாகத்தின் தரப்பில் ஹெச்.ஆர். அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாட்சி வேலாயுதம் வந்து நின்றார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், மீசையைத் தவிர எல்லாம் சாது. நான் கேள்வியைத் தொடங்கினேன்.

"நீங்கள் பார்த்த நபரின் முகத்தைப் பார்த்தீர்களா?"

"இல்ல சார். தொப்பிய மூஞ்சி மேல வச்சிருந்தாரு."

"கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒரே தொப்பிதானே?"

"ஆமா."

"பக்கத்தில் போய் எழுப்பினீர்களா?"

"இல்ல. எழுப்பல."

கலங்கலிலும் எனக்கு ஹெச்.ஆர். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது. விசாரணை அதிகாரி எல்லாவற்றையும் எழுதி முடித்தார். பேனாவை மூடினார். என்னைப் பார்த்து, "அவ்வளவுதானே தம்பி? வேற கேள்வி ஒண்ணும் இல்லையே?" என்றார்.

எத்தனை நல்ல மனிதர் என்று இப்போது தோன்றுகிறது. நான் "இல்லை சார்" என்று உட்கார்ந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேள்வி இல்லை என்று உட்காருவது சாரதாவின் வேலை. கடன் வாங்கிய கண்ணாடியை நான் இன்னும் கழற்றவேயில்லை.

கழற்றினேன். மெதுவாக. "ஒரே ஒரு கடைசிக் கேள்வி, யுவர் ஆனர். முகத்தைப் பார்க்கவில்லை, எழுப்பவும் இல்லை. அப்படியிருக்க, அது சுடலைமுத்துதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வேலாயுதம் தரையைப் பார்த்தார். "தம்பி, அது வேணாமே" என்றார்.

"சாட்சி தயங்குகிறார். குறித்துக்கொள்ளுங்கள்."

"நீ வந்து எழுப்புன தம்பி" என்றார் வேலாயுதம். "'ஏல சுடலை, எந்திரிலே, சூப்பர்வைசர் வாரான்'னு சொன்ன. நான் பெட்டிக்கு அந்தாண்ட நின்னுக்கினு இருந்தேன். ரெண்டு பேரு வேலையும் போவ வேணாம்னுதான் உன் பேர எழுதல. நீயே கேக்குற. கேட்டப்புறம் பொய் சொல்ல முடியுமா?"

வெள்ளிக்கிழமை எபிசோடு மாதிரியே எல்லாம் நடந்தது. உண்மை வெளியே வந்தது, ஒருவருக்கு வியர்த்தது, மேஜையைப் பிடித்துக்கொண்டார். அது நான்.

விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்தார். "உங்க பேரு இனிஷியலோட சொல்லுங்க தம்பி. மெதுவா."

சொன்னேன். என் வாழ்க்கையில் என் பெயரை அவ்வளவு மெதுவாக நான் சொன்னதில்லை. சுடலைமுத்து பக்கம் திரும்பவே எனக்குப் பயமாக இருந்தது. அவனுடைய வேலை, கல்யாணம், பெண் எல்லாவற்றையும் ஒரு கண்ணாடியைக் கழற்றுகிற ஆசையில் தொலைத்துவிட்டேன். நான் அவனைக் காப்பாற்ற வரவில்லை, என்னைக் காட்டிக்கொள்ள வந்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது.

அப்போது சுடலைமுத்து எழுந்தான். "ஐயா, ஒரு பேச்சு சொல்லட்டா? தூங்குனது நாந்தான். கேட்டு புக்க மட்டும் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க."

புக் வந்தது. முந்தின இரவு ஷிப்டுக்குச் சுடலைமுத்து உள்ளே வந்த நேரம் எழுதியிருந்தது. காலையில் வெளியே போன நேரம் எழுதப்படவேயில்லை. அவனை மாற்றிவிட வேண்டிய ஆள் வராததால், சூப்பர்வைசர் வாய்வார்த்தையாகச் சொல்லி, அடுத்த ஷிப்டும் அவனையே நிறுத்தியிருந்தார். இரவு முழுக்க வெல்டிங் செய்த மனிதன் மறுநாள் பதினொரு மணிக்குக் கண்ணயர்ந்திருக்கிறான். ஹெச்.ஆர். அதிகாரி தண்ணீர் எடுத்துக் குடித்தார். விசாரணை அதிகாரி அந்தப் பக்கத்தை வரி வரியாகப் பார்த்து எழுதினார்.

வெளியே வந்ததும் கேட்டேன், "புக்கு விஷயம் உனக்கு யாருலே சொன்னா?"

"ஸ்டெல்லா தங்கச்சிதான். 'உங்க வக்கீலு கேக்க மாட்டாரு, நீங்களே சொல்லிருங்கண்ணே'ன்னா."

இரண்டு வாரத்தில் தபால் வந்தது. கட்சிக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம். வேலை செய்யும் இடத்தை விட்டு வந்து பிறரை எழுப்பிய குற்றத்துக்காக வக்கீலுக்கு நாலு நாள் சஸ்பென்ஷன்.

அந்த நாலு நாளும் ரோசி அக்கா வீட்டு ஹாலில்தான் இருந்தேன். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் தடவையாகச் சாரதாவைக் கவனித்துப் பார்த்தேன். அந்த அம்மா நன்றாகத்தான் நடித்தார். கேள்வி இல்லை என்று சொல்லும்போது, சாட்சியைப் பார்க்காமல், கையிலிருக்கிற காகிதத்தைப் பார்த்து லேசாகச் சிரிப்பார். இத்தனை மாதம் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவேயில்லை. நாலாம் நாள் ஸ்டெல்லா காபி டம்ளரை வைத்தபோது அதைச் சொன்னேன். "இப்பதான் கண்ணு தெரியுதா?" என்று மட்டும் கேட்டாள்.

தை மாதம் சுடலைமுத்துவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. வேலாயுதம் குடும்பத்தோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு இரண்டாம் பந்தி.

அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் சர்ச்சில் கல்யாணம். (ரோசி அக்கா முறைப்படி மதினி ஆகிவிட்டார், என் வாய்க்குத்தான் இன்னும் அக்கா.) ஐயர் (எங்கள் பக்கம் சர்ச் போதகரை அப்படித்தான் சொல்வோம்) சபையைப் பார்த்து, இவர்கள் இருவரும் சேரக் கூடாதபடிக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். நாலாவது பெஞ்சில், மடியிலிருந்த குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சுடலைமுத்து எழுந்து நின்றான். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டினான். பிறகு மெதுவாகக் கழற்றினான்.

"எங்க தரப்புல கேள்வி இல்லைங்கய்யா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

ஐயருக்குப் புரியவில்லை. ஸ்டெல்லாவுக்குப் புரிந்து, முக்காட்டுக்குள் தோள் குலுங்கச் சிரித்தாள். கல்யாண வீடியோவில் அந்த இடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை மட்டும் எத்தனை தடவை ஓட்டியிருப்பார்கள் என்று கணக்கில்லை.

இப்போது என் மகள் பத்தாம் வகுப்பு. போன மாதம் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். கிளம்பும்போது என் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். (இப்போது எனக்கு நிஜமாகவே கண் தெரியாது.) "மிஸ் என்ன சொன்னாலும் கேள்வி இல்லைன்னு சொல்லிட்டு வந்துருங்கப்பா" என்றாள். சரி என்று போனேன். ஆசிரியை நல்லவிதமாகவே பேசி முடித்து, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டார். எனக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. பக்கத்திலிருந்த ஸ்டெல்லா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.