ரயிலில் வந்த தோடு

பொம்மை ரயிலை எட்டு வயதில் வைத்திருந்தால் அது விளையாட்டு. ஐம்பது வயதில் வைத்திருந்தால் அது பொழுதுபோக்கு. எட்டு வயதுக்காரனை வீட்டில் திட்டுவார்கள். ஐம்பது வயதுக்காரனைத் திட்டுவதில்லை, அவனோடு பேசுவதை நிறுத்திவிடுவார்கள்.

நான் இரண்டாம் வகை. குடியிருப்பு மதுரை ஆனையூர், தனியார் கல்லூரி ஒன்றில் நூலகர். மகளுக்காக வாங்கினேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அவள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் ரயில் வீட்டுக்கு வந்தது. பச்சை எஞ்சின், நாலு திறந்த வேகன், முப்பதடி தண்டவாளம். எஞ்சினுக்குச் சாவியும் கிடையாது, ரிமோட்டும் கிடையாது. எல்லாம் செல்போன் செயலிதான். திரையில் ஒரு கோடு இருக்கும், அதை விரலால் மேலே தள்ளினால் வண்டி ஓடும். கூவுவதற்கு ஒரு பொத்தான், விளக்குக்கு ஒரு பொத்தான். முதல் வாரம் முழுக்க நான் ரயிலை ஓட்டவில்லை, ‘இணைக்கிறது... இணைக்கிறது...’ என்று திரையில் சுற்றிய வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். (கல்யாணத் தரகர்கூட இணைக்க இம்புட்டு நாள் எடுத்துக்க மாட்டார்.)

இணைந்த பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்திலிருந்து படுக்கையறை பீரோ வரைக்கும் தண்டவாளம் போட்டேன். பீரோக் கதவைத் திறக்க முடியாமல் போனது. அன்றைக்குத்தான் என் மனைவி பேச்சை நிறுத்தினாள்.

அந்தச் சமயத்தில் உசிலம்பட்டியிலிருந்து என் தங்கை செல்வி போன் செய்தாள். அவள் மகள் யாழினிக்கு மூன்று வயது, வெள்ளிக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் நான். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவனும் நான்தான், தோடு கொண்டுபோக வேண்டியவனும் நான்தான்.

இங்கே ஒரு பழைய குற்றத்தைச் சொல்லியாக வேண்டும். செல்வி புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, பஸ்ஸில் புத்தகம் படித்துக்கொண்டே உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டி வரை போய்விட்டேன். திரும்பி வந்து சேர்ந்தபோது காய்ச்சிய பால் காப்பியாகி, காப்பி குடித்த டம்ளரும் கழுவியாகிவிட்டது. அதன் பிறகு செல்வியின் புகுந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், “பொண்ணோட அண்ணன் எந்த ஊரு வழியா வாராரு?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. நாலு வருஷமாக அதற்குச் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தவள் அவள்.

“அண்ணே, சீரு பெருசா வேணாம்,” என்றாள் போனில். “வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தோடு புள்ள காதுல ஏறிரணும். இந்த ஒருதடவ என் மானத்தக் காப்பாத்திக் குடு.”

நேரத்துக்குப் போய் நின்றிருந்தால் போதும். என் புத்தி அத்தோடு நிற்கவில்லை. நாலு வருஷத்துப் பேச்சை ஒரே நாளில் துடைக்க வேண்டுமானால் ஊரே வாயைப் பிளக்க வேண்டாமா? மண்டப வாசலிலிருந்து மணைப்பலகை வரை தண்டவாளம் போடுவது, தோட்டை ரயிலில் வரவைப்பது என்று முடிவு செய்தேன்.

ஒரே ஒரு சிக்கல். மடியில் குழந்தை இருக்கும்போது இரண்டு கையும் ஓய்வில் இருக்காது, திரையில் கோட்டை யார் தள்ளுவது? அதற்கும் செயலியில் வழி இருந்தது. பேச்சுக் கட்டளை. நமக்குப் பிடித்த சொல்லை மூன்று முறை சொல்லிப் பதிய வேண்டும். ‘வா’ என்றால் என்னை நோக்கி வரும். ‘போ’ என்றால் பின்னால் போகும். திரும்பச் சொன்னால் வேகம் ஒரு படி கூடும். நிறுத்துவதற்கு ஒரு சொல் வேண்டுமே என்று யோசித்தேன். ‘நில்லு’ என்று ஒரு எஞ்சினைப் பார்த்துச் சொல்வது மரியாதையாகப் படவில்லை. ‘நிற்க’ என்று பதிந்தேன். (படிச்ச மனுசன் கையில போனைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்.)

வீட்டில் மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். பிசகே இல்லை. வா என்றேன், வந்தது. போ என்றேன், போனது. அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் வாயைத் திறக்கவில்லை என்பது எனக்கு ஒரு தகவலாகவே உறைக்கவில்லை. முப்பது வருஷம் நூலகத்தில் உட்கார்ந்தவனுக்கு அமைதிதான் உலகத்தின் இயல்பு நிலை.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கே மண்டபத்தில் இருந்தேன். மாப்பிள்ளை, அதாவது செல்வியின் கணவர், கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தண்டவாளம் போட்டு முடித்தேன். குங்குமச் சிமிழுக்குள் சிவப்புக்கல் தோடு இரண்டையும் வைத்து முதல் வேகனில் ஏற்றினேன். மற்ற வேகன்களில் மல்லிகை, வெற்றிலை, கல்கண்டு. போனைப் பட்டுச்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய யாழினியை மடியில் வைத்தார்கள். அவள் ஊசியைப் பார்த்ததும் திரும்பி, என் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சட்டைப் பை எங்கள் இருவருக்கும் நடுவே சிக்கியது. என் வலப்பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்தார். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. சன்னமான குரலும் கிடையாது. எதிரே ஒலிபெருக்கி மைக் ஒன்றும் நின்றது.

மணி பத்து ஐந்து. “வா,” என்றேன்.

வாசலில் எஞ்சின் கூவியது, நகர்ந்தது, சனம் எழுந்து பார்த்தது. ஐம்பது போன்கள் படம் பிடித்தன. செல்வியின் முகத்தில் நாலு வருஷமாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு. அது சரியாகப் பத்தடி தூரம் நீடித்தது.

பத்தாவது அடியில் சொந்தக்காரர்கள் சிலர் உள்ளே நுழைந்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெரியப்பா, “வாங்க, வாங்க, வாங்க,” என்றார்.

அந்தச் செயலி பெருந்தன்மையானது. ‘வா’ என்று ஆரம்பிக்கும் எந்தச் சொல்லையும், யார் சொன்னாலும், தன்னைக் கூப்பிட்டதாகவே எடுத்துக்கொண்டது. ரயில் மூன்று படி வேகம் கூடி, மல்லிகையை இறைத்துக்கொண்டு என் காலடிக்குப் பாய்ந்தது. நல்லதுதானே என்று நினைத்து ஒரு கையைப் பிரித்து நீட்டினேன். சிமிழ் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது, வேறொரு விசேஷத்துக்குப் போக வேண்டிய ஐந்து பேர் எங்கள் முன்னால் வந்து நின்றார்கள். தாய்மாமனிடம் சொல்லிக்கொள்ளாமல் போகலாமா?

“அப்ப நாங்க போயிட்டு வாரோம் தம்பி,” என்றார் முதல் ஆள்.

ரயில் போனது. போய்விட்டு வந்தது.

நான் கையை நீட்டுவதற்குள் இரண்டாம் ஆள் கும்பிட்டு, தானும் போயிட்டு வாரேன் என்றார். ரயில் மறுபடி போய்விட்டு வந்தது. மரியாதை தெரிந்த குடும்பம் அது. ஐந்து பேரும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டார்கள். ஐந்து முறையும் ரயில் நம் பண்பாட்டை மீறவில்லை.

நாம் யாரும் ‘போறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்புவதில்லை. அது அபசகுனம். உள்ளே வருகிறவரை வாங்க என்போம், வெளியே போகிறவர் போயிட்டு வாரேன் என்பார். தமிழ்நாட்டில் இரண்டுமே சொல்லக்கூடாத இடம் துக்க வீடு ஒன்றுதான். அந்த ரயிலை ஒழுங்காக ஓட்டக்கூடிய இடமும் அது ஒன்றுதான். இந்த ஞானம் எனக்கு மணையில் உட்கார்ந்த பிறகு வந்தது.

மாப்பிள்ளை பொறுமையிழந்து, குனிந்து ரயிலைப் பிடிக்கப் போனார். பெரியப்பா தடுத்துவிட்டார்.

“தொடாதப்பா. சீரு மாமன் கையில வந்து சேரட்டும். நம்ம எடுத்தா நம்மளே எடுத்துக்கிட்டதா ஆயிரும்.”

அதற்குப் பிறகு காது குத்த வந்த ஆசாரிகூடக் கையை மடக்கிக்கொண்டார். ஆக, அந்தச் சிமிழைத் தொட உரிமையுள்ள ஒரே மனிதன் நான். என் கழுத்தில் ஒரு குழந்தை. நான், “நில்லு,” என்றேன். ரயில் நிற்கவில்லை. நிப்பாட்டு என்றேன், இரு என்றேன், ஏய் என்றேன். பதிந்துவைத்த சொல் மட்டும் நினைவுக்கு வரவில்லை. யாழினி என் தோளுக்குள் முகத்தைப் புதைத்து, காது வேணாம் மாமா, வீட்டுக்கு வா என்று அழுதாள். ரயில் வந்தது. நேரம் போகுதுல்ல என்றார் ஆசாரி. ரயில் போனது.

செல்வி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். அங்கே இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என் பக்கத்தில் வந்து, கண்ணில் நீரோடு, என் சட்டைப் பைக்கு மிக அருகில் குனிந்து சொன்னாள்:

“போச்சுண்ணே. எல்லாம் போச்சு. என் மானமே போச்சு.”

மூன்று ‘போ’. எஞ்சின் ஒரு கூவல் கூவி, முப்பதடியையும் ஒரே மூச்சில் பின்னாலேயே ஓடிக் கடந்தது. வாசல் பக்கம் தண்டவாளம் முடிந்துவிட்டது. ரயிலுக்கு அது ஒரு தடையாகத் தெரியவில்லை.

அந்த நொடியில்தான் எனக்குச் சொல் ஞாபகம் வந்தது. இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, “நிற்க,” என்றேன். எதிரே இருந்த மைக் அதை வாங்கி மண்டபம் முழுக்க முழங்கியது. இருநூறு பேர் மடமடவென்று எழுந்து, கையைத் தொடையோடு ஒட்டி, ஏதோ வாழ்த்துப் பாடப் போகிறார்கள் என்று விறைப்பாக நின்றார்கள். பெரியப்பாவும் எழுந்து நின்றார். சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு வந்தவரும் அப்படியே நின்றார். ரயிலும் நின்றது. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் குப்புற விழுந்த பிறகு நின்றது.

அடுத்த சில நிமிஷங்கள் அந்த மண்டபத்தின் ஆண்கள் அத்தனை பேரும் செருப்புக் குவியலைச் சுற்றி மண்டியிட்டிருந்தார்கள். சிமிழ் திறந்து கிடந்தது. ஒரு தோடு கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. என் மனைவி ஏழு நாளைக்குப் பிறகு முதல் முறையாக என்னிடம் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

மணி பத்து இருபத்தைந்து. பெரியப்பா ஒற்றைத் தோட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தாய்மாமன் பாதிச் சீர்தான் செய்தார் என்று ஊர் பேசும், வேறு நாள் பார்க்கலாமே என்றார். குரல் கோபமாகக்கூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. செல்வி அந்த வீட்டில் இன்னும் நாலு வருஷம் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதை நான் அங்கேயே பார்த்துவிட்டேன்.

அவள் குனியவில்லை. தன் இடது மேல்காதில் இருந்த சின்ன வெள்ளைக்கல் தோட்டைத் திருகினாள். கழற்றி என் கையில் வைத்து என் விரல்களை மூடினாள்.

“இது என் கல்யாணத்துக்கு எங்கண்ணன் போட்டது, பெரிய மாமா,” என்றாள். “எங்க வீட்டுச் சீருதேன் இதுவும். இப்ப மாமன் கையில இருக்கு பாருங்க. குத்தச் சொல்லுங்க.”

பெரியப்பா என் மூடிய கையைப் பார்த்தார். பிறகு ஆசாரியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். யாழினியின் இடது காதில் ரயிலில் வந்த சிவப்புக்கல், வலது காதில் அம்மாவின் வெள்ளைக்கல். இரண்டாவது திருகு இறுகியபோது பத்து இருபத்தொன்பது. என் சட்டையில் பாதிச் சந்தனமும் முழுக் கண்ணீரும் இருந்தன. குழந்தையுடையது மட்டும் அல்ல.

அதன் பிறகு அன்று விடைபெற்றவர்கள் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு படியிறங்கினார்கள்.

காணாமல் போன தோடு மறுநாளே அகப்பட்டது. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த பெரியப்பாவின் குதிகாலில் ஏதோ குத்தியிருக்கிறது. செருப்பைக் கழற்றிப் பார்த்தால் சிவப்புக்கல். அதைச் சோடி சேர்த்துப் போடலாம் என்று செல்வி எடுத்துப் போனபோது யாழினி ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளைக்கல்லைத் தொட்டால் கடித்துவிடுவேன் என்றாளாம். இன்றைக்கு அவளுக்கு ஏழு வயது. இன்னும் அதே ஒற்றைச் சிவப்பு, ஒற்றை வெள்ளைதான்.

போன மாதம் அவளுக்குக் காதுவலி. கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். எந்தக் காதும்மா வலிக்குது, இடதா வலதா என்று கேட்டார்.

“ரயில் காது,” என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த உடற்கூற்றுப் படத்தை வெகு கவனமாகப் படித்தேன். அவருக்கு எப்படித் தெரியும், அந்தக் குடும்பத்தில் இடது, வலது என்ற சொற்கள் ஒழிந்து நாலு வருஷம் ஆகிவிட்டது என்று. ரயில் காதுப் பக்கம், அம்மா காதுப் பக்கம், அவ்வளவுதான். சைக்கிளில் போகிற ஆளுக்குப் பெரியப்பா வழி சொல்வதும் அப்படித்தான். போன வாரம் அவர்கள் வாங்கியிருக்கும் புது மனையைப் பார்க்கக் காரில் போனபோது, பாதையைக் கேட்டு மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன்.

“டீக்கட தாண்டி ரயில் காதுப் பக்கமாத் திரும்புங்க மச்சான்,” என்றார்.

திரும்பினேன். சரியாகத்தான் இருந்தது.