லாமிங்டன் வேண்டாம் என்றவன்

"வேண்டாம், நொலீன். ரொம்ப நன்றி," என்றான் பெவன்.

கராவாங் நகராட்சியின் சாலைப் பிரிவுக் கொட்டகையில், காலைப் பத்து மணி டீ நேரத்தில், யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள். சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த்துருவலில் புரட்டிய லாமிங்டன் கேக்கைப் பெவன் வேண்டாம் என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"ஏன் கண்ணு, உடம்பு சரியில்லையா?" என்றாள் நொலீன். கொட்டகையின் தொலைபேசி, விடுப்பு விண்ணப்பம், முதலுதவிப் பெட்டி மூன்றும் அவள் பொறுப்பு. பெவனும் தன் பொறுப்பு என்று அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

போன குளிர்காலத்தில் பெவன் பதினோரு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. மனச்சோர்வு என்றார் டாக்டர். முதல் மாத்திரை சரிப்படவில்லை. இரண்டாவதும் சரிப்படவில்லை. மூன்றாவது வேலை செய்தது. மறுபடி வந்து மண்சாலை சமன் செய்யும் கிரேடரை ஓட்டினான், நாயைக் குளிப்பாட்டினான், ஒரு முறை விசிலடித்ததாகவும் தகவல் உண்டு. கூடவே ஒன்பது கிலோ ஏறியது. நேற்று டாக்டர் சொல்லிவிட்டார்: "ஆறு வாரத்துல நாலு கிலோவாவது இறங்கணும். இல்லன்னா இந்த மாத்திரையை மாத்திப் பார்க்கலாம்."

மாற்றுவது என்றதும் பெவனுக்கு அந்தப் படுக்கைதான் தெரிந்தது.

இதைக் கொட்டகையில் சொல்ல முடியாது. அங்கே கியர்பெட்டியின் மனநிலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம். மனிதனுடையதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

"பல்வலி," என்றான்.

மறுநாள் நொலீன் பாவ்லோவா கொண்டுவந்தாள். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் க்ரீமும் சேர்ந்த ஒரு மேகம் அது. "இதுக்குப் பல்லே தேவையில்ல கண்ணு. வாயில வெச்சா அதுவே போயிடும்."

அதுவே போனது. பெவனின் இடுப்புக்குப் போனது.

புதன்கிழமை உத்தியை மாற்றினான். "டாக்டர் சர்க்கரை ஆகாதுன்னுட்டார்."

"அட, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார் மேஸ்திரி மெர்வ். மறுநாள் ஒரு பெட்டி நிறைய, மாவுக்குள் கறி அடைத்துச் சுட்ட 'பை' வந்தது. "ஒரு துளி சர்க்கரை கிடையாது. எடு."

"நீங்க சாப்பிடலையா?"

"எனக்கு வீட்டிலேயே ஆச்சு. எடுய்யா, ஆறிடப் போகுது."

வெள்ளிக்கிழமை முதல் பெவன் மதிய நேரத்தில் ஜல்லிக்குவியலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். நாற்பது சுற்று. மூன்று வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது. அவன் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டதை நொலீன் பார்த்துவிட்டாள்.

"சாப்பிட மாட்டேங்குறான், எளைக்கிறான், தனியா நடக்குறான்," என்று அவள் மெர்விடம் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. "அந்த வியாதிதான்."

"எந்த வியாதி?"

"பேர் சொல்ல மாட்டாங்களே, அது."

அன்று மாலை பெவன் வீட்டு வாசலில் கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்த காசரோல் பாத்திரங்கள் ஏழு நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. பெயர் எழுதிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், கழுவித்தான் கொடுக்க வேண்டும், கழுவுவதற்கு முன் காலியாக வேண்டும். பெவன் நாயின் உதவியை நாடினான். பதினைந்து நாளில் நாய் நான்கு கிலோ ஏறியது. கால்நடை மருத்துவர் அதை நடக்க வைக்கச் சொன்னார்.

ஆறாவது வாரத் திங்கட்கிழமை. புல்லெல்லாம் பனி. பெவன் கொட்டகைக்குள் நுழைந்தான். உள்ளே ஏழு மொட்டைத் தலைகள் வரிசையாக நின்றன. இருபத்தாறு வருடத் தாடியையும் சேர்த்து மழித்திருந்த மெர்வை, குரலை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது.

"உனக்கு முடி கொட்டுறதுக்கு முன்னாடி நாங்க முந்திக்கிட்டோம், தம்பி," என்றார் மெர்வ். "தனியா இருக்கேன்னு நினைக்காதே."

நொலீன் மட்டும் தலைமுடியோடு நின்றாள். கையில் கிரிக்கெட் மைதானம் அளவுக்கு ஒரு கேக். "நானும் மழிக்கிறேன்னுதான் சொன்னேன் கண்ணு. பேத்தி கல்யாணம் முடியட்டும்."

இதற்கு மேல் பல்வலி தாங்காது.

"எனக்குப் புற்றுநோய் இல்லை," என்றான் பெவன்.

ஏழு மொட்டைகளும் ஒரே சமயத்தில் குளிர்ந்தன.

"இல்லையா?" என்றார் மெர்வ். கை தானாகத் தாடியைத் தேடிப்போய் ஏமாந்து திரும்பியது. "பின்னே என்னய்யா எழவு?"

"மனசுதான் சரியில்ல. மனச்சோர்வாம். ராத்திரி ஒரு மாத்திரை போடுறேன். அதுலதான் ஒழுங்கா எழுந்து வேலைக்கு வரேன். ஆனா அதுலதான் எடையும் ஏறுது. இறங்கலன்னா அதை மாத்திடுவாங்க. மாத்திட்டா..." பெவன் தரையைப் பார்த்தான். "மறுபடி எழுந்து வருவேனான்னு தெரியல. நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும். இன்னும் அரைக் கிலோ பாக்கி. தயவுசெஞ்சு அந்தக் கேக்கை எடுத்துடு, நொலீன்."

தண்ணீர்க் கொதிகலன் மட்டும் சீறியது.

"அந்த மாத்திரை வெள்ளையா? நீளமா?" என்றார் மெர்வ் கடைசியில், தணிந்த குரலில்.

"ஆமா."

"நடுவுல கோடு?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

மெர்வ் நொலீனைப் பார்த்தார். நொலீன் கேக்கைப் பார்த்தாள். மற்ற மொட்டைகள் ஒன்றையொன்று முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டன. ஒருவன் தன் தொப்பையை மெல்ல உள்ளே இழுத்தான்.

மொட்டை வரிசையின் கோடியிலிருந்து, வடிகால் வேலை பார்க்கும் லயனல் முன்னே வந்தான். வாரத்துக்கு மூன்று வார்த்தை பேசுகிறவன், ஒரு வருடப் பேச்சை ஒரே மூச்சில் கொட்டினான்:

"இங்க பார்த்தா எட்டுப் பேரும் அதே மாத்திரைதான்யா, வீட்டில வெச்சா நாங்களே தின்னுடுவோம்னுதான் ஆளாளுக்கு உனக்குக் கொண்டு வந்தோம், இப்ப நீயும் வேண்டாம்னா இதையெல்லாம் யார் தலையில கட்டுறது?"