வெலிஷ்காவைத் தெரியுமோ?

மறக்கப்பட்ட இசைமேதைகளைக் கண்டுபிடிப்போர் என்று ஓர் இனம் லண்டனில் இருக்கிறது. பார்வைக்குச் சாதாரண மனிதர்கள்தான். வேலைக்குப் போவார்கள், குப்பைத் தொட்டியைச் சரியான கிழமையில் வெளியே வைப்பார்கள், ஞாயிறு பூசையில் முன்வரிசை வாங்கில் இருப்பார்கள். ஆனால் ஏதாவது ஒரு விருந்தில் கையில் மட்டன் ரோலைக் கொடுத்து அவர்களைப் பேசவிட்டுப் பாருங்கள்.

தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் பீற்றர் அண்ணையையே எடுத்துக்கொள்வோம். பழைய சாமான் விற்கும் சரிட்டிக் கடையில் கீறல் விழுந்த ஓர் இசைத்தட்டை வாங்கினார். அன்றைக்குப் போனது நிம்மதி. இருநூறு வருடத்துக்கு முன் பிறந்து, காதலித்து, இருமி, முப்பத்துநான்கு வயதில் செத்துப்போன வெலிஷ்கா என்பவரின் இசை அதில் இருந்தது. அவர் எந்த ஊரில் வாடகை வீட்டில் இருந்தார், எந்தப் பெண் அவரை மறுத்தாள், எந்தப் போட்டிக்காரன் மெட்டைத் திருடினான் என்று எல்லாவற்றையும் பழைய புத்தகங்களில் தேடிப் படித்துவிட்டு, விசா மறுக்கப்பட்ட சொந்த மச்சானைப்பற்றிப் பேசுவதுபோல அவரைப்பற்றிப் பேசத் தொடங்கினார்.

"வெலிஷ்காவைத் தெரியுமோ?" என்பார். தெரியாது என்று நீங்கள் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

"ஒருத்தருக்கும் தெரியாது தம்பி! எவ்வளவு பெரிய அநியாயம்!"

அநியாயத்தைச் சொல்கிறவருக்கு ஏன் அவ்வளவு ஆனந்தம்? அதை மட்டும் கேட்கக்கூடாது.

வெலிஷ்காவின் மாதா கீதத்தைக் கோயில் திருநாளில் பாடவைக்கவேண்டும், உலகம் அவரை அறியவேண்டும். பீற்றர் அண்ணைக்கு இருந்த ஒரே ஆசை இதுதான். பாட்டுத் தாளைப் படியெடுத்துக்கொண்டு பாடகர் குழுத் தலைவி மேரிறோஸைக் கார் பார்க்கிலும், செத்தவீட்டிலும், ஒருமுறை பல் வைத்தியரின் வாசலிலுமாக மூன்று வருடம் துரத்தினார்.

"அண்ணை, நாலு குரலில பாடவேணும். எங்கட ஆக்களுக்கு ஏலாது" என்று சொல்லிச் சொல்லிக் களைத்த மேரிறோஸ், கடைசியில் தொல்லை தாங்காமல் சம்மதித்தார்.

பாடினார்கள். அருமையாகவே பாடினார்கள். பீற்றர் அண்ணை அழுதுவிட்டார். அந்தக் கண்ணீர் சத்தியமானது, அதைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. சனத்துக்குப் பாட்டுப் பிடித்துவிட்டது! அடுத்த ஞாயிறே ஆறேழு பேர் அதை முணுமுணுத்தார்கள். குழுவில் பாடிய பொடியன் டிலுக்சன் தன் போனில் ரிங்டோனாக வைத்துக்கொண்டான். அடுத்த மாதம், பெரியபிள்ளையான றொசானாவின் சாமத்திய வீட்டில், மெஷின் புகை கக்க, பிள்ளை பல்லக்கில் மண்டபத்துக்குள் வர, ஸ்பீக்கர் முழுக்க வெலிஷ்கா. வீடியோக்காரர் தன் பங்குக்குக் கொஞ்சம் தவிலும் கலந்திருந்தார்.

பீற்றர் அண்ணை திகைத்து நிற்க, விருந்துக்கு வந்து பக்கத்தில் நின்ற ரவிச்சந்திரன் அவர் காதுக்குள் குனிந்தார்.

"அண்ணை, வெலிஷ்காவைத் தெரியுமோ? முப்பத்திநாலு வயசில செத்துப்போச்சுது, பாவம்."

வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே காரோட்டினார். மனைவி அஞ்சலீனாவுக்குப் பொறுக்கவில்லை.

"இதுக்குத்தானே மூண்டு வருசம் அலைஞ்சனீங்கள்? இப்ப எல்லாருக்கும் தெரியும். சந்தோசப்படுங்கோவன்."

அண்ணை சிக்னலில் பிரேக்கை அழுத்தினார்.

"அந்தாள் அப்பிடியொண்டும் பெரிய ஆளில்லையப்பா. ரெண்டாம் பகுதியில சரியான இழுவை."

அடுத்த சனிக்கிழமை ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பழைய சாமான் கடையில், முழங்காலில் நின்று தூசி தட்டித் தட்டி அவர் வேறொரு அநாதை மேதையைத் தேடிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நடுவில் போனை எடுத்து வெலிஷ்கா யாரென்று தேடிப் பார்த்தீர்களே, ஒன்றும் அகப்படவில்லை என்றதும் உள்ளுக்குள் லேசாக இனித்ததே, அது ஏன்? நாளைக்கு யாரிடம் முதலில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டீர்கள்போல இருக்கிறதே!